தாழியைப் பெட்டியாக்க வேண்டாம்: வாசிப்பு வட்ட நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் ஆண்டு முழுக்க கிரேக்கம்தான் என்று முடிவெடுத்து நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். சந்தோஷம்தான். ஆனால் அதிலுள்ள ஆறு புத்தகங்களில் ஒன்றுகூட பழைய கிரேக்கர் எழுதியதில்லை. புராணக் கதைத் தொகுப்பு இரண்டு, தத்துவ வரலாறு இரண்டு, ஹோமரின் போர்க் காவியமான இலியட்டின் சுருக்கம் ஒன்று, பொது அறிமுகம் ஒன்று. கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல், சாப்பிட்டு வந்தவர்களிடம் என்னென்ன போட்டார்கள் என்று விசாரித்துவிட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கிறது.

சுருக்கங்களில் என்ன தொலைகிறது என்று கேட்பீர்கள். உலகத் துன்பமெல்லாம் வெளியே பறந்த ‘பண்டோராவின் பெட்டி’ என்றுதானே எல்லாரும் சொல்கிறோம்? அந்தக் கதை வரும் கிரேக்கக் கவிஞர் ஹெசியட்டின் ‘வேலைகளும் நாட்களும்’ நூலில் பெட்டியே கிடையாது. இருப்பது பிதோஸ், தானியம், எண்ணெய், மது சேர்த்து வைக்கும் பெரிய மண் தாழி. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர் எராஸ்மஸ் லத்தீனில் எழுதியபோதுதான் அது பெட்டியானது. சொத்துப் பங்கில் தன்னை ஏமாற்றிய உடன்பிறந்தானுக்கு உழவன் ஒருவன் புத்தி சொல்லும் நூல் அது. எப்போது உழுவது, எப்போது அறுப்பது என்று பேசுகிற அந்த வாயிலிருந்து தாழி என்று வரும்போது வீட்டின் ஒரு வருடச் சாப்பாடே கண்முன் வருகிறது. பெட்டி என்றால் அலமாரியில் இருந்த ஏதோ ஒன்றை ஒரு பெண் திறந்து பார்த்துவிட்டாள், அவ்வளவுதான்.

இலியட்டும் அப்படித்தான். அதன் நாயகன் அக்கிலீஸுக்கு அடிபடக்கூடிய ஒரே இடம் என்று சொல்லும் குதிகாலைத் தேடி இலியட்டைத் திறப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆயுதம் துளைக்காமலிருக்கத் தாய் அவனைப் பாதாள ஆறான ஸ்டிக்ஸில் முக்கியெடுத்த கதை, கி.பி. முதல் நூற்றாண்டு லத்தீன் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் வருகிறது. கிரேக்க வீரர்கள் ஒளிந்திருந்த மரக்குதிரையும் இலியட்டில் இல்லை. பத்து வருட ட்ராய் போரில் சில வாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ட்ராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு ஹோமர் நிறுத்திவிடுகிறார். அதற்குச் சற்று முன்னால், 24ஆம் காண்டத்தில், தன் பிள்ளைகளைக் கொன்ற அக்கிலீஸின் கையை ஹெக்டரின் அப்பா, கிழ அரசன் பிரியாம் முத்தமிடுகிறான். சுருக்கத்தில் இது ஒரு வரி.

சரி, தத்துவத்தில் எங்கே தொடங்கலாம்? பிளேட்டோவின் ‘குடியரசு’ வேண்டாம். இருபது வயதில் அதில் தொடங்கி இரண்டாம் புத்தகத்திலேயே கவிழ்ந்தவன் நான். அப்புறம் பிளேட்டோ பக்கமே பல வருடம் போகவில்லை. அவருடைய ‘அப்பாலஜி’யில் தொடங்குங்கள். ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடலாம். கி.மு. 399இல் எழுபது வயதில் சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசிய பேச்சு, பிளேட்டோவின் வார்த்தைகளில். குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, என்ன தண்டனை சரி என்று அவரையே கேட்கிறார்கள். ஊருக்கு நல்லது செய்ததற்கு நகர மண்டபத்தில் இலவசச் சாப்பாடு போடுங்கள் என்கிறார்! அந்த இடத்தைச் சிரிக்காமல் படிக்க முடியாது. கையோடு நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோஃபனீஸின் ‘மேகங்கள்’ படியுங்கள். கி.மு. 423இல் சாக்ரடீஸைக் கூடையில் தொங்கவிட்டுக் கேலி செய்த நாடகம். அந்தக் கேலிதான் ஊரார் மனதில் தன்னைப் பற்றித் தப்பெண்ணத்தை விதைத்தது என்று ‘அப்பாலஜி’யில் அவரே முறையிடுகிறார்.

போர் முடிந்து ஒடிசியஸ் வீடு திரும்பும் ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசிக்கு 24 காண்டம். மாதம் இரண்டு வீதம் சரியாக ஒரு வருடம். எமிலி வில்சனின் 2017 ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்குங்கள். மூலத்தில் எத்தனை வரியோ அத்தனை வரி, வாய்விட்டுப் படிக்க நன்றாக வருகிறது. முதல் நான்கு காண்டத்தில் நாயகனே வரமாட்டான், பயப்படாதீர்கள். இலியட்டை ஒடிசிக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் காண்டத்துக் கப்பல் பட்டியலில் மாட்டிக்கொண்டால் தாண்டிப் போங்கள், பாவமில்லை. ஒரு வேண்டுகோள்: அக்கிலீஸ் கர்ணனா, துரியோதனனா என்ற பட்டிமன்றத்தைக் கடைசிக் கூட்டம் வரை தள்ளிப்போடுங்கள்.

துண்டு துண்டாகவே கிடைத்திருக்கும் பெண் கவிஞர் சாஃபோவுக்கு ஆன் கார்சனின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. பாப்பிரஸ் கிழிந்த இடங்களில் சதுர அடைப்புக்குறி மட்டும் நிற்கும், பக்கத்தில் பாதி வெற்றிடம். காசு கொடுத்து வெற்றுத்தாள் வாங்கினோமா என்று முதலில் தோன்றும், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

கதைக்கொத்து ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் நூலை வைத்துக்கொள்ளுங்கள். வறட்சியானதுதான், ஆனால் யார் யாருக்குப் பிள்ளை என்று பார்க்க உதவும். ராபர்ட் கிரேவ்ஸின் 1955 தொகுப்பு உங்கள் பட்டியலில் முதலில் இருக்கிறது. கதைகளைப் படியுங்கள், அவற்றுக்கு அடியில் அவர் போட்டிருக்கும் விளக்கங்களை நம்பவேண்டாம்.

துன்பியலுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. சோஃபக்ளீஸ் நூறு நாடகத்துக்கும் மேல் எழுதினார், முழுதாக நமக்குக் கிடைத்தவை ஏழு. அதில் ‘ஆன்டிகனி’யை முதல் கூட்டத்திலேயே படிக்கலாம். இரண்டு மணி நேரம் போதும். அந்தக் காலத்தில் மூன்றே நடிகர்கள் எல்லா வேடத்தையும் மாற்றி மாற்றி ஏற்றார்கள். நாமும் மூன்று பேரை வைத்துக்கொள்வோம், மீதிப் பேர் கோரஸ் என்கிற பாட்டுக்குழு. என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றுக்கு அட்டை இல்லை. அதில் வரும் அரசன் கிரியோனுக்கு மட்டும் குரல் கனமான ஆள் ஒருவரைப் பார்த்து வையுங்கள்.

அன்புடன்,
பின்வரிசையில் உட்காரும் உங்கள் நண்பன்