எழுத்தில் வாங்கு

அன்புள்ள கயலுக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. கீழ்வீட்டு வாடகை வழக்கம்போலத்தான். மாப்பிள்ளை என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

பொழுது போகாமல், பள்ளியில் பரிணாமப் பாடம் நடத்துவது பற்றி அமெரிக்காவில் நடந்த டோவர் வழக்கின் தீர்ப்பைப் படித்தேன். பென்சில்வேனியா, டிசம்பர் 2005. வக்கீல் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவனுக்கு 139 பக்கம் ஒரு பொருட்டா? டார்வின் கொள்கையில் ஓட்டை இருக்கிறது, உயிர்களை ஏதோ ஓர் அறிவு திட்டமிட்டு ஆக்கியது என்கிற ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ பற்றி இன்ன புத்தகம் இருக்கிறது என்று 9ஆம் வகுப்பில் ஓர் அறிக்கை வாசிக்கச் சொல்லியிருக்கிறது பள்ளி வாரியம். பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். அந்தப் புத்தகத்தின் பழைய வரைவுகளைக் கோர்ட்டில் வரவழைத்துப் பார்த்தால், கடவுளே உயிர்களைப் படைத்தார் என்கிற படைப்புவாதத்தைப் பாடமாக்கும் சட்டம் செல்லாது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கையோடு, ‘படைப்பு’ என்றிருந்த இடத்திலெல்லாம் ‘வடிவமைப்பு’ என்று மாற்றியிருக்கிறார்கள்! பத்திரத்தில் பெயரைச் சுரண்டி எழுதியவன் மாட்டுவதுபோல மாட்டினார்கள். சிரித்த சிரிப்பில் அம்மா எட்டிப் பார்த்தாள்.

அங்கே உன்னைப்போன்ற உயிரியல் ஆசிரியர்கள் அறிக்கையை வாசிக்க மாட்டோம் என்று சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சேர்ந்து, எழுத்தில். நிர்வாகிகளே வந்து வாசித்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் தீர்ப்பு உங்கள் டென்னசியைக் கட்டுப்படுத்தாது. தேர்தலில் வாரிய ஆட்கள் மாறியதால் மேல்முறையீடே போகவில்லை. ஆனால் பரிணாமத்தைக் கற்பிக்கத் தடை போடும் சட்டம் செல்லாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 1968 தீர்ப்பும், அந்த 1987 தீர்ப்பும் எல்லா மாநிலத்துக்கும் செல்லும். பரிணாமம் நடத்தியதற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 1925இல் 100 டாலர் அபராதம் போட வைத்த சட்டத்தை உங்கள் மாநிலமே 1967இல் நீக்கிவிட்டது. அறிவியல் கொள்கைகளின் குறைகளையும் ஆசிரியர் பேசலாம் என்கிற உங்கள் மாநிலத்து 2012 சட்டத்தைக் காட்டி யாராவது பேசினால், அதுவும் பாடத்தை விடச் சொல்லவில்லை.

இதெல்லாம் பொதுவாகச் சொல்கிறேன். யாராவது உன்னிடம் ‘இந்த வருஷம் அதை லேசாகத் தொட்டுவிட்டுப் போங்கள்’ என்று வாயால் சொன்னால், எழுத்தில் வாங்கு. ஈமெயில் போதும். அந்தப் பையனின் அப்பாவைத் தனியாகப் பார்க்காதே. சித்தப்பா தனியாகப் போய்ப் பேசித்தானே அவ்வளவும் நடந்தது.

பாங்க் பரீட்சை எழுது என்றேன், கேட்டாயா? ஆனால் கோபாலிடம் உன்னைப் பற்றி அளந்த அளப்பில் அவன் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்துவிட்டான்.

விசா அந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது என்பது தெரியும். ராத்திரியானால், பாடமாவது மண்ணாவது, விட்டுத்தொலை என்று எழுதத் தோன்றுகிறது. விடிந்ததும் அப்படி எழுதக் கை வரவில்லை. எதுவானாலும் எழுத்தில் வாங்கு. வாங்கியதைப் பள்ளிக் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காதே, அச்செடுத்து வீட்டிலும் ஒரு பிரதி வை. எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
அப்பா