படத்தில் இல்லாதவர்களுக்கு

அரூர் பக்கம் எங்களோடு கொல்லை கொல்லையாக அலைந்த எல்லோருக்கும் வணக்கம்.

நடுகற்களை வீட்டிலிருந்தே சுற்றிப் பார்க்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. செல்போனில் விரலால் இழுத்தால் கல், அதற்கு நிழல் தரும் வேப்பமரம், பின்னால் மலை எல்லாம் சுற்றி வருகின்றன. நீங்கள் மட்டும் எதிலும் இல்லை. 360 டிகிரி படத்தில் கேமராவுக்கு முதுகு கிடையாது. அதனால் ஒவ்வொரு முறையும் உங்களைப் புதருக்கும் கிணற்றுத் திண்டுக்கும் பின்னால் விரட்டிக்கொண்டே இருந்தேன். அதற்குத்தான் இந்த மடல்.

தருமபுரி ஸ்டூடியோ அண்ணா, முதல் நாள் சாதாரண ஸ்டாண்டில் சுழற்றி எடுத்த படங்களை ஒட்டிப் பார்த்தபோது கல்லின் விளிம்பு இரண்டாகத் தெரிந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு கண்ணை மூடி, விரலை நீட்டி, தலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னீர்கள். விரல் ஒரு பக்கம் நகர்ந்தது, சுவர் ஒரு பக்கம் நகர்ந்தது. லென்ஸுக்குள் ஒளி வந்து சேரும் புள்ளியை மையமாக வைத்துக் கேமரா சுழலாவிட்டால் படத்திலும் இதுவே நடக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. கேமராவை அந்தப் புள்ளியிலேயே சுழலவைக்கும் பனோரமா ஹெட்டையும், மிக அகலமாகப் பார்க்கும் மீன்கண் லென்ஸையும் வாடகை வாங்காமல் கொடுத்தீர்கள். சுற்றிலும் 6 படம், மேலே 1, கீழே 1 என்று எடுத்து, ஹியூஜின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டினேன். விளிம்பு உடையவில்லை.

சுற்றிக் காட்டுவது அதோடு முடிந்தது. எழுத்தைக் காட்டுவதுதான் பெரும்பாடு. ஆநிரை கவர வந்தவர்களோடு மோதி இறந்த வீரனின் பெயரும், அப்போது ஆண்ட அரசனின் பெயரும் நம் பக்கத்துக் கற்களில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் இருக்கின்றன. ஊரில் அவனே வேடியப்பன் என்ற சாமி. தேய்ந்த எழுத்து உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாது. நான் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். "சாமி மூஞ்சில சுண்ணாம்பு பூசுவியா?" என்று ஆயா பிடுங்கிக்கொண்டார். ஆயா, நீங்கள் செய்ததுதான் சரி. சாக்பீஸ் தேய்ப்பவர் தனக்குத் தோன்றிய எழுத்தைத்தான் தேய்க்கிறார். பொடியும் கல்லின் குழியில் தங்கிவிடுகிறது.

அதனால்தான் எச்.பி. கணினி நிறுவன ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் 2001இல் வெளியிட்ட முறைக்குப் போனோம். இருட்டில் கேமரா அசையாமல் நிற்கும்; விளக்கு மட்டும் கோணம் கோணமாக நகரும். கல்லுக்குப் பக்கத்தில் பளபளப்பான கறுப்பு உருண்டை ஒன்றை வைக்க வேண்டும். அதில் ஒளிப்புள்ளி விழும் இடத்தைப் பார்த்து விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்று மென்பொருள் கணக்கிடும். அப்புறம் திரையில் விளக்கை நாமே நகர்த்திப் பார்க்கலாம். உருண்டைக்குத் தம்பியின் கறுப்புக் கோலிக்குண்டு. விளக்கு ஒரே தூரத்தில் இருக்க ஆயாவின் பூக்கட்டும் நூல். ஒரு கல்லுக்கு 48 படம். அத்தனைக்கும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் தம்பிதான், கொசுக்கடியோடு.

கல்லில் பூசிய எண்ணெய் மினுங்கினால் இந்த முறை ஏமாந்துவிடும். கழுவலாமா என்று கேட்கத் தயங்கி நின்றேன். "கழுவறது என் வேலை, படம் எடுக்கறது உன் வேலை" என்று சொல்லிவிட்டு, பூசாரி ஐயா சீயக்காய் போட்டுத் தானே கழுவினார். நாங்கள் முடிக்கும்வரை எண்ணெய்க் கிண்ணத்தோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

கொல்லைக்கார அண்ணா, உங்கள் கேழ்வரகில் நாங்கள் மிதித்தது கொஞ்சநஞ்சமல்ல. திட்டவேண்டிய நீங்கள் களியும் அவரைக்காய்க் குழம்பும் கொடுத்தீர்கள். அடுத்த முறை வரப்பிலேயே நடப்போம்.

எழுத்துகளைப் படித்துச் சொன்ன ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு என்ன சொல்ல? இரவு 11 மணிக்குத் திரையில் விளக்கை இடப்பக்கம் தாழ்த்தியபோது, வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் கோடுகள் எழுந்தன. பதறிப்போய் படத்தை அனுப்பிவிட்டு போன் செய்தேன். "தூங்கல, சொல்லு" என்றார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, "தொறு" என்றார். மாட்டு மந்தை. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு மாதமும் தகும்.

மூன்றாவது கல்லில் இடப்பக்கம் இழுத்தால் கிணற்றுத் திண்டுக்கு மேல் சிவப்பு முந்தானையின் நுனி தெரியும். அழிக்க இரண்டு நிமிடம் போதும். அழிக்கவில்லை, ஆயா.

அப்புறம் தம்பி, உன் கோலிக்குண்டு என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன்.