நடந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடற்பயிற்சி என்றாலே நடைப்பயிற்சிதான் என்ற எண்ணம் நம் மாநிலத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டது. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையும் சென்னை மெரினாவும் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானமும் விடியற்காலையில் நடப்பவர்களால் நிறைந்திருக்கின்றன. 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளப்படுத்தியது. இவை எல்லாம் மனமார வரவேற்க வேண்டியவை. ஆயினும் பள்ளிகளில் நெடுங்காலம் உடற்கல்வி கற்பித்தவன் என்ற முறையில், இந்த ஆர்வத்துக்கு நடுவே விடுபட்டுப்போன மறுபாதியான தசை வலிமைப் பயிற்சியைப் பற்றி எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். இந்த எண் பலருக்கும் தெரிந்திருக்கிறது. அதே வழிகாட்டுதல், வாரத்தில் இரண்டு நாட்களாவது உடலின் பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாட்களாவது உடல் சமநிலையையும் தசை வலிமையையும் சேர்த்துப் பேணும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. இதை ஏனோ நம்மில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. தசை வலிமை என்பது ஜிம்முக்குப் போகும் இளைஞர்களின் தோற்றப் பொலிவு சார்ந்த விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அது 55 வயதுப் பெண்ணுக்கும் 70 வயது முதியவருக்கும்தான் மிக அவசரமான தேவை.

முப்பது வயதுக்குப் பிறகு, பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைந்துகொண்டே போகிறது. அறுபதுக்கு மேல் இந்த இழப்பு வேகமெடுக்கிறது. நடப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லதுதான், ஆனால் இந்த இழப்பைத் தடுக்க அது போதுமானதன்று. ஏனெனில் ஒரு தசை தான் பழகிய சுமையைவிடச் சற்றே கூடுதலான சுமையைச் சந்திக்கும்போதுதான் வலுப்பெறுகிறது. பல ஆண்டுகளாக ஒரே பாதையில் ஒரே வேகத்தில் நடப்பவரின் கால்களுக்கு அந்த நடை எப்போதோ பழகிப்போயிருக்கும். அவரே தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாமல் தவிப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். தரையில் அமர்ந்து உண்பதும் குத்தவைத்து உட்காருவதும் அன்றாட வழக்கத்திலிருந்து மறைந்து, சோபாவும் சாப்பாட்டு மேசையும் மேற்கத்தியக் கழிப்பறையும் வந்த பின், தொடையும் இடுப்பும் முழுமையாக மடங்கி நிமிரும் வேலை அநேகமாக இல்லாமலே போய்விட்டது.

இதற்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள உறவைத் தனியே சொல்ல வேண்டும். உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பங்கை, இன்சுலினின் துணையோடு உள்வாங்கிக்கொள்வது தசைகள்தாம். தசை குறைந்தால் அந்தச் சர்க்கரை போய்ச் சேரும் இடமும் சுருங்குகிறது. அதே எடையுள்ள ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டால் தெற்காசியர்களான நமக்குப் பொதுவாகவே தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. இத்தகைய நிலையில், 'நடங்கள்' என்பதோடு மருத்துவ ஆலோசனை முடிந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

பெண்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 57 விழுக்காட்டுப் பெண்களுக்கும் 42 விழுக்காட்டு ஆண்களுக்கும் போதிய உடலுழைப்பு இல்லை. 'வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே' என்ற பதிலை அடிக்கடி கேட்கிறேன். வீட்டு வேலை உடலை அசைக்கிறது, களைப்படையவும் வைக்கிறது. ஆனால் அது தசைக்குப் படிப்படியாகக் கூடும் சுமையைத் தருவதில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் திரும்பி வர வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த உழைப்பு பெண்களின் முதுகையும் மூட்டுகளையும் எவ்வளவு வருத்தியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி விரைந்து குறையும் காலத்தில், தசையும் நலிந்து, கால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன் பின் பழைய நடமாட்டம் திரும்பாதவர்கள் பலர். வலுவான தொடையும் நல்ல சமநிலையும் அந்த வீழ்ச்சியையே தடுக்கக்கூடும்.

இந்த வயதில் எங்கே தசை வளரப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையிலான சிலருக்கு எட்டு வாரங்கள் தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி அளித்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதுத் தசைக்கும் அழைத்தால் பதில் சொல்லும் ஆற்றல் இருக்கிறது என்பதை அந்த ஆய்வு மறுக்க முடியாதபடி காட்டியது.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நம் உடற்பயிற்சிச் சாலைகளின் தண்டாலையும் பஸ்கியையுமே வயதுக்கேற்ப எளிதாக்கிக்கொள்ளலாம். உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருவது பஸ்கியின் எளிய வடிவம். சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, முழங்கைகளை மடக்கி நீட்டுவது தண்டாலின் எளிய வடிவம். சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவதும், தேவைப்பட்டால் ஒரு விரலால் சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்பதும், தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்களைத் தோளுக்கு மேல் தூக்குவதும் இவற்றோடு சேரும். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்து, சற்று ஓய்ந்து, மீண்டும் ஒரு சுற்று செய்யலாம். கடைசி இரண்டு மூன்று முறை சிரமமாக இருக்க வேண்டும். அது எளிதாகிவிட்டால் நாற்காலியின் உயரத்தைக் குறைக்கவோ எடையைக் கூட்டவோ வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். ஒரு நாள் செய்தால் மறுநாள் அந்தத் தசைக்கு ஓய்வு தர வேண்டும். நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், சர்க்கரையால் கண்ணின் விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்களும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் பயிற்சியே கூடாது என்று ஒதுங்குவது தவறு; தொடையின் முன்தசையை வலுப்படுத்துவது அந்த வலிக்கான முதன்மைச் சிகிச்சைகளுள் ஒன்று.

உணவைப் பற்றியும் ஒரு சொல். சராசரி உடலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 கிராம் வரும். காலையில் இட்லி, மதியம் சோறும் ரசமும், இரவில் தோசை என்று போகும் ஒரு நாளில் அது கிடைக்காது. சுண்டல், பயறு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றுள் ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இலையில் இருந்தால் புரத மாவை விற்கும் விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை.

அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான். நடைபாதைகள் இருக்கின்றன, மக்களும் வருகிறார்கள். அங்கே வாரம் இரண்டு காலைகளாவது ஓர் உடற்கல்வி ஆசிரியரையோ இயன்முறை மருத்துவரையோ நிறுத்தி, அரை மணி நேரம் இந்தப் பயிற்சிகளைக் கூட்டாகச் செய்விக்கலாம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கினால் தயக்கம் குறையும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீடு தேடிச் செல்லும் பணியாளர்கள், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை அதே வீட்டுத் திண்ணையில் ஒருமுறை செய்து காட்டவும் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். தங்கள் நாளிதழும் இப்பயிற்சிகளை வாரம் ஒன்றாகப் படத்துடன் வெளியிட்டு உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோயம்புத்தூர்.