தொற்றுத் தடுப்புப் பயிற்சியை வார்டிலேயே நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
செவிலியர்கள், ஆய்வக நுட்புநர்கள், தூய்மைப் பணியாளர்கள்,
வட்ட அரசு மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் (நலப்பணிகள்) அவர்கள்.

பொருள்: மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு – வார்டு அளவில் பயிற்சியும் பொருள்களும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தொற்றுத் தடுப்பு வகுப்பு கூட்ட அரங்கில் நடக்கிறது. கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களைக் கேட்டால் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வார்டில், ரத்தமோ சளியோ பட்ட பிறகு கழுவும் கை, கேனுலா (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போடுவதற்கு முன்பு கழுவப்படுவதில்லை. முன்னது ஊழியரைக் காக்கிறது; நோயாளியைக் காப்பது பின்னது. கையுறை இருக்கிறதே என்ற எண்ணம் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஒரே கையுறையோடு அடுத்த படுக்கைக்குப் போனால் கிருமியும் கூடவே போகிறது. கையுறையைக் கழற்றியதும் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்பதும் பலர் மனத்தில் பதியவில்லை.

இதை அலட்சியம் என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. சோப்புப் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 நொடி ஆகும். தொட்டி வார்டின் கோடியில் இருக்கிறது. படுக்கையருகே ஆல்கஹால் திரவம் இருந்தால் 20 முதல் 30 நொடி போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி மருந்தகத்திலேயே இதைத் தயாரிக்கலாம். 10 லிட்டருக்கு 99.8 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 7,515 மி.லி., 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98 சதவீத கிளிசரால் 145 மி.லி., மீதி கொதித்து ஆறிய நீர். புட்டியில் அடைத்து 72 மணி நேரம் வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். திரவத்திலோ புட்டியிலோ இருக்கும் கிருமி வித்துகள் அழிய அந்த அவகாசம் தேவை. கையில் அழுக்கு தெரிந்தாலோ, வயிற்றுப்போக்கு நோயாளியைக் கவனித்தாலோ சோப்பும் தண்ணீரும்தான்.

கிருமிநீக்கத்துக்குப் பயன்படும் குளோரின் கரைசலான ஹைப்போகுளோரைட்டில் நடக்கும் தவறு வேறு விதம். 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம் கிடைக்கும். அளவுக் குவளை இல்லாததால் கண்ணளவில் ஊற்றுகிறார்கள். வெயிலிலும் சூட்டிலும் குளோரின் வீரியம் இழக்கும்; நேற்றுக் கலந்ததை இன்று நம்ப முடியாது. சிந்திய ரத்தத்தைத் துணியால் ஒற்றி எடுக்காமல் மேலே ஊற்றினால் ரத்தமே குளோரினைத் தின்றுவிடும். இக்கரைசலை ஆசிட்டோடு கலந்தால் நச்சுவாயு கிளம்பும். இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள். வகுப்புக்கு அழைக்கப்படாதவர்களும் அவர்கள்தான். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 கழிவைக் கையாளும் அனைவருக்கும் பணியில் சேரும்போதும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சி தரச் சொல்கின்றன. மஞ்சள் காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் அதே விதிகளில் உள்ளன.

ஊசி குத்துக் காயம் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. “பயன்படுத்திய ஊசிக்கு ஏன் மூடி போட்டாய்?” என்ற கேள்விக்குப் பயந்தே மறைக்கிறார்கள். குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பால் கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றவரை 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். இரவில் மருந்து அலமாரி பூட்டியிருந்தால் இந்த அறிவால் பயனில்லை.

ஆகவே, பயிற்சியைப் பணிமுறை மாறும் நேரத்தில், வார்டிலேயே, 15 நிமிடம் செய்துகாட்டும் முறையில், ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்து நடத்த ஆணையிட வேண்டுகிறோம். படுக்கைதோறும் கைத் திரவம், வார்டுக்கு ஓர் அளவுக் குவளை, கலந்த தேதியும் நேரமும் எழுதும் ஒட்டுத்தாள், முக்கால் பங்கு நிரம்பியதும் மாற்ற, ஊசி போன்ற கூர்பொருள்களைப் போடும் மாற்றுப் பெட்டி ஆகியவை வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் தவணையை அவசரச் சிகிச்சைப் பிரிவில் 24 மணி நேரமும் வைக்க வேண்டும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியின் மூன்றாம் தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புத்திறன் அளவையும் பரிசோதிக்க வேண்டும்; அது மில்லி லிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகுக்குக் (mIU/mL) குறைந்தவருக்கு மீண்டும் தடுப்பூசி தேவைப்படும். ஊசிக் காயத்தைத் தெரிவிப்பவரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பப்படாது என எழுத்துமூலம் அறிவிக்க வேண்டுகிறோம். மற்றவற்றுக்கு நிதி ஒதுக்கீடு தாமதமானாலும் இந்த அறிவிப்பை இவ்வாரமே வெளியிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மருத்துவமனைப் பணியாளர்கள்