திரும்பி வர டிக்கெட் கிடையாது: ஆல்பம் கேட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். நான் எழுதிப் பாடிய ஒன்பது பாட்டு ஆல்பம் வெளியாகி ஒரு மாதம் ஆகிவிட்டது. மறுநாளே எழுதியிருக்க வேண்டிய மடல்தான், ஆனால் முதல் வாரம் வந்த கருத்துகளைப் படித்தபிறகு யாருக்கும் நன்றி சொல்லும் மனநிலையில் நான் இல்லை. "கேட்டு அழுதுட்டேன் தங்கச்சி" என்று ஒருவர், அதே நாளில் "இது ஒன்பது பாட்டா, ஒரே பாட்டு ஒன்பது தடவையா?" என்று இன்னொருவர். இரண்டாவது ஆளுக்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன்.

முதலில் கூட இருந்தவர்களுக்கு நன்றி. மலேசியாவில் பிறை என்ற ஊரில், அக்கா வீட்டுப் பின்னறையில்தான் முழுப் பதிவும். ஜன்னலுக்கு மெத்தை, கதவுக்குப் போர்வை, மின்விசிறி நிறுத்தம், வியர்வை மைக்கில் சொட்டாமல் பாட வேண்டும். மழை வந்தால் தகரக் கூரை தவில் வாசிக்கும், வேலை அன்றைக்கு அவ்வளவுதான். மூன்றாவது பாட்டின் கடைசியில் குக்கர் விசில் கேட்கிறதே, அது 'கான்செப்ட்' இல்லை, அக்கா வைத்த பருப்பு. தபேலா அண்ணன் பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை. குரலையும் வாத்தியங்களையும் சேர்த்து மிக்ஸிங் செய்த தம்பியிடம் இன்னும் சத்தமாக வேண்டும் என்று சண்டை போட்டேன். "நீங்க எவ்வளவு ஏத்தினாலும் ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்கு இறக்கிடும் அக்கா, சத்தம் நசுங்கிப்போனது மட்டும்தான் மிச்சம்" என்றான். அவன் பேச்சைக் கேட்டதால்தான் என் குரலில் மூச்சு இருக்கிறது.

அப்புறம், திட்டியவர்கள். அந்த 'ஒன்பது தடவை' ஆளை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி, தாள வேகத்தை அளக்கும் மெட்ரோனோமைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதில் ஏழு பாட்டு நிமிடத்துக்கு 68-இலிருந்து 74 தட்டுக்குள். சரி, ஒத்துக்கொள்கிறேன். துக்கம் என்றாலே மெதுவாகத்தான் நடக்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

இதைவிடப் பெரிய அடி ஒன்று. ஃபெர்ரி பாட்டில் அப்பா கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து கடலைக் கடந்து பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போவார், 'திரும்பும் டிக்கெட் சட்டைப் பையில் நனைகிறது' என்று வரும். பலரும் அழுதது அந்த வரிக்குத்தான். பிறையிலிருந்து ஓர் அங்கிள் குரல் பதிவு அனுப்பினார், திட்டுகூட இல்லை, சிரித்துக்கொண்டே: "ஏம்மா, திரும்பி வர ஏதும்மா டிக்கெட்? காசு பட்டர்வொர்த்துல மட்டும்தானே வாங்குவான், ஒரு வெள்ளி இருபது காசு. வரும்போது சும்மாதானே வந்தோம்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்றைக்கும் தீவுக்குப் போகும் கடல் பாலத்தில் போகத்தான் டோல், திரும்ப வரக் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும்! அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நூறு தடவையாவது அந்த ஃபெர்ரியில் வந்திருப்பேன். வேலைக்குக் கோலாலம்பூர் வந்து பதினொரு வருடம், அதற்குள் கார் ஏற்றிய பழைய ஃபெர்ரிகள் நின்று, 2023-இல் புதியவை வந்துவிட்டன. நான் எழுதியது என் அப்பாவைப் பற்றி இல்லை, எங்கேயோ கேட்ட பாட்டில் வரும் அப்பாவைப் பற்றி. "மனசுல இருந்து வந்திருக்கு" என்று பாராட்டியவர்கள் மன்னிக்கணும், அந்த வரி அங்கிருந்து வரவில்லை. "செயற்கையா இருக்கு" என்று எழுதிய விமர்சகர் எந்த வரி என்று காட்டியிருந்தால் அவருக்கு அப்போதே நன்றி சொல்லியிருப்பேன்.

இனி மேடையில் 'வரும்போது காசில்லை, வாங்க ஆளுமில்லை' என்று பாடுகிறேன். மெட்டில் உட்கார மறுக்கிறது, ஆனால் இதுதான் உண்மை. அங்கிள், உங்களுக்குப் பெரிய கும்பிடு.

ஒரே ஒரு இடத்தில் நான் இறங்கி வரமாட்டேன். பாட்டில் 'தாப்பாவ்' வருகிறது, மலாயைக் கலந்து தமிழைக் கெடுக்கிறாள் என்று நாலைந்து பேர். என் அப்பா வாழ்நாளில் யாரிடமும் பொட்டலம் கட்டித்தரச் சொன்னதில்லை, தாப்பாவ்தான் பண்ணினார். அது அப்படியே இருக்கும்.

கணக்கும் கேட்டீர்கள். ஒரு பாட்டு 12 மாதத்தில் ஆயிரம் தடவை ஓடவில்லை என்றால் ஸ்பாட்டிஃபையில் அதற்குப் பணமே இல்லை, 2024-இலிருந்து அப்படித்தான். என்னுடையதில் நாலு பாட்டு இன்னும் அந்தக் கோட்டுக்குக் கீழே. குறுந்தட்டு வாங்கியவர்களால்தான் தபேலா அண்ணனுக்கு ஒரு கவராவது கொடுக்க முடிந்தது. வீட்டில் சிடி பிளேயரே இல்லாமல் வாங்கினீர்களே, உங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அக்கா, உன் டிஃபன் கேரியர் என்னிடம்தான் இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருகிறேன். ஒரு தட்டு மூடியைக் காணோம், தேடிக்கொண்டிருக்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடாதே.