கழுதையைக் காணோம் என்று சொல்ல ஓரிடம் வேண்டும்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். எங்கள் தெருவில் சலவைத் தொழில் செய்யும் பெரியவர் ஒருவர் மூன்று கழுதைகள் வைத்திருந்தார். கண்மாயில் தண்ணீர் கிடக்கும் மாதங்களில், விடியும் முன்பே அழுக்கு மூட்டைகளோடு மூன்றும் வரிசையாகப் போகும். வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் வந்தபின் மூட்டை குறைந்தது. கட்டிவைத்துத் தீனி போட அவரால் முடியவில்லை. முன்னங்கால்களுக்குத் தளை போட்டு மேய விட்டுவிடுவார். சீமைக்கருவேலங்காட்டு ஓரம் மேய்ந்துவிட்டு, இருட்டியதும் அவை தாமாகவே வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். சென்ற ஆண்டு ஓர் இரவு ஒன்று மட்டும் வந்து நின்றது.

பெரியவர் நான்கு நாள் தேடினார். உப்பூர் வரை நடந்தே போய் விசாரித்தார். புகார் கொடுக்கலாம், வாருங்கள் என்று அழைத்தேன். “கழுதையைக் காணோம் என்று போய் நின்றால் சிரிக்க மாட்டார்களா தம்பி?” என்றார். வற்புறுத்திக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். சிரிக்கத்தான் செய்தார்கள். மனுவை வாங்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த இரண்டும் எப்படிப் போயின என்று யார்மீதும் பழி சுமத்த நான் எழுதவில்லை. ஆனால் அன்று சிரித்தவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். உலகில் இன்று கழுதைத் தோலுக்குப் பெரிய சந்தை இருக்கிறது. தோலை ஊறவைத்துக் காய்ச்சி எடுக்கும் ஒரு வகைப் பசைக்கு எஜியாவ் என்று பெயர். சீன மருத்துவத்தில் இரத்த விருத்திக்கென்று காலங்காலமாக உண்ணப்பட்டது. இப்போது தின்பண்டத்திலும் அழகுப் பொருளிலும் கலந்து விற்கப்படுகிறது. 1990-களின் தொடக்கத்தில் சீனாவில் சுமார் 1.1 கோடி கழுதைகள் இருந்தன. இன்று 20 லட்சம்கூட இல்லை. உள்நாட்டில் தோல் போதாமல் போகவே வியாபாரிகளின் கண் வெளிநாடுகள்மீது விழுந்தது. பிரிட்டனில் இயங்கும் ‘டாங்கி சாங்சுவரி’ அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2021-இல் மட்டும் இந்தத் தொழிலுக்கு ஏறத்தாழ 59 லட்சம் தோல்கள் தேவைப்பட்டன.

கழுதை ஆட்டைப் போல ஈனுவதில்லை. ஏறக்குறைய ஓராண்டு சினையாக இருந்து ஒரே ஒரு குட்டி போடும். அந்தக் குட்டி வளர்ந்து தானும் ஈனுவதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும். இத்தனை தோலுக்கு எந்த நாட்டுக் கழுதையும் ஈடுகொடுக்க முடியாது. ஆப்பிரிக்காவில் இதைத்தான் கண்டார்கள். தண்ணீரும் விறகும் சுமந்த கழுதைகள் இரவோடு இரவாகத் திருடுபோயின. மறுநாள் அந்தச் சுமை பெண்களின் தலைக்கு ஏறியது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம், தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதற்குக் கண்டம் முழுவதும் 15 ஆண்டுத் தடை விதிக்க முடிவு செய்தது.

‘கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை’ என்று பேச்சுக்குச் சொல்வோம். அரசின் கால்நடைக் கணக்கெடுப்பிலேயே அந்தக் கதை இருக்கிறது. 2012-இல் இந்தியாவில் 3.2 லட்சம் கழுதைகள், 2019-இல் 1.2 லட்சம். ஏழே ஆண்டில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் போய்விட்டன. இயந்திரமும் மினி லாரியும் வந்தது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் கழுதை, குதிரைகளின் நலனுக்காக இயங்கும் ‘புரூக் இந்தியா’ அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வு, சட்டவிரோதமாகக் கழுதைகள் அறுக்கப்படுவதையும் தோலுக்கான வணிகத்தையும் பதிவு செய்திருக்கிறது.

ஆட்சியர் அவர்களே, இந்தக் கரைக்கு இது புதிய கதை அல்ல. கடல் அட்டைக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். அதையும் நாம் உண்பதில்லை. கிழக்காசியச் சந்தைக்காகத்தான் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வாரி எடுத்தார்கள். 2001-இல் தடை வந்தது. அதன் பிறகும் மண்டபம், வேதாளைப் பக்கம் மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்தியை நாளிதழில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். விலை ஏறி, கடத்தும் வழிகள் பழகிப்போன பிறகு காவல் போடுவது எவ்வளவு பாடு என்பது உங்கள் அலுவலர்களுக்குத் தெரியும். கழுதை விஷயத்தில் அதற்கு முன்பே விழித்துக்கொள்ளலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கும் இறைச்சி விலங்குகளில் கழுதை இல்லை. 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் கழுதையை வண்டியில் ஏற்றக் கூடாது. பிறர் விலங்கைக் கொன்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. எங்கள் ஊர்ப் பெரியவருக்கு இவற்றில் ஒன்றும் உதவவில்லை. அவருடைய கழுதைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காணாமல் போனதையும் எந்த ஏட்டிலும் ஏற்றவில்லை.

ஆகவே முதலில் எண்ணுங்கள். ஆள் உள்ளவை, ஆளில்லாமல் பஸ் நிறுத்தத்திலும் குப்பை மேட்டிலும் திரிபவை, எல்லாவற்றையும் ஊர் வாரியாகப் பதியுங்கள். மாட்டுக்குக் காதில் தோடு போடுவதுபோல இதற்கும் ஓர் அடையாளம் கொடுங்கள். கழுதை காணவில்லை என்று வரும் மனுவை வாங்கி ரசீது கொடுக்கும்படி காவல் நிலையங்களுக்கு ஓர் உத்தரவு போதும். சோதனைச் சாவடிகளில் கழுதை ஏற்றிய வண்டி வந்தால் மருத்துவச் சான்றைக் கேட்கச் சொல்லுங்கள்.

வளர்ப்பவர் கையில் நாலு காசு நின்றால்தான் கழுதையும் நிற்கும். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை தேசிய கால்நடை இயக்கத்தில் கழுதையையும் சேர்த்து, வளர்ப்புத் தொழில் தொடங்குவோருக்கு 50 விழுக்காடு மானியம், 50 லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தது. ஒன்றிரண்டு கழுதை வைத்திருக்கும் சலவைத் தொழிலாளியால் அந்தத் திட்டத்தின் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது. அவர்களை ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்து மனுப்போட வைக்க உங்கள் அலுவலகத்தால் முடியும். பச்சிளங்குழந்தைக்குச் சங்கில் புகட்ட என்று கழுதைப் பால் கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பால் சோப்புத் தயாரிப்புக்கும் போகிறது.

கடலுக்கு அக்கரையில், தனுஷ்கோடியிலிருந்து கூப்பிடு தூரம் என்று நாம் சொல்லும் இலங்கையின் மன்னாரில், தெருவில் திரியும் கழுதைகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் அமைத்தார்கள். போரில் நொடிந்துபோன ஊர் அது. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

திரும்பி வந்த அந்த ஒரு கழுதை இன்னும் பெரியவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. தாய்க் கழுதை. இப்போது அதை அவர் மேய விடுவதே இல்லை. பழைய தளைக்கயிறு அறுத்த இடத்தில், குளம்புக்குச் சற்று மேலே, விரல் புதையும் அளவுக்குப் புண். வேப்பெண்ணெய் தடவுகிறார், ஈ விலகுவதில்லை. நடக்காத குளம்பு தேயாமல் செருப்பு முனைபோல வளைந்து வளர்ந்துவிட்டது. கணக்கெடுக்க ஆள் அனுப்பும்போது கூடவே ஒரு கால்நடை மருத்துவரையும் அனுப்புங்கள். எங்கள் தெருவிலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
தொண்டிச் சாலை ஊர்க்காரன் ஒருவன்