மலைக்குளிரில் ஃபைபர் ஒட்டுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் வசந்தகாலம் நெருங்கினால் போதும், நுவரெலியா கிரகரி வாவியில் ஓடும் ஜெட் ஸ்கிகளும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கப் பக்கத்து ஃபைபர் வள்ளங்களும் வீட்டுக் கராஜ்களில் கவிழ்ந்து கிடக்கும். அடிப்பக்கத்து ஓட்டையை அடைத்துப் பெயின்ற் பூசித் தண்ணீரில் இறக்குவார்கள். சில வாரங்களில் ஒட்டு ஓரத்திலிருந்து உரிந்து வரும். ஃபைபரைப் பிடித்து இறுகும் பசையான ரெசினில் கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். நம் ஊர்க் குளிரையும் மூடுபனியையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடலோரத்தில் 30 பாகைச் சூட்டில் 100 கிராம் பொலியெஸ்டர் ரெசினுக்கு 1 மில்லிலீற்றர் ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) போதும். அங்கே வேலை பழகி வந்தவர்கள் அதே அளவை இங்கும் போடுகிறார்கள். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான்; இரவில் இன்னும் இறங்கும். 15 பாகைக்குக் கீழே ரெசின் மேலுக்கு இறுகும், உள்ளே வேகாது. இதைப் பார்த்துப் பயந்து 4, 5 மில்லி ஹார்ட்னர் ஊற்றுவது அதைவிடக் கெடுதி. மிஞ்சிய ஹார்ட்னரோடு வரும் எண்ணெய்த்தன்மை உள்ளேயே தங்கி ஒட்டை மிருதுவாக்கிவிடும். 2 மில்லியோடு நிறுத்துங்கள். மீதிக்குச் சூடுதான் வேண்டும்.

ரெசின் டின்னை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து 25 பாகைக்குக் கொண்டுவரலாம். அடுப்புக்குப் பக்கத்தில் கூட வைக்காதீர்கள். ஒட்டும் இடத்தை முந்திய இரவே பொலித்தீனால் கூடாரம் போல் மூடி, உள்ளே 100 வாற் மின்குமிழ் எரியவிட்டுச் சூடேற்றுங்கள். பூசத் தொடங்குமுன் குமிழை அணைத்து வெளியே எடுத்துவிட வேண்டும், ஏனெனில் ரெசின் ஆவி தீப்பற்றும். ஒட்டு கெட்டியாகி, கதவைத் திறந்து ஆவி போனபிறகு மறுபடி எரியவிட்டு இரவு முழுக்கச் சூடு காட்டலாம். கரி அடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் வேண்டவே வேண்டாம். தீ ஆபத்து ஒருபுறம், அவை எரியும்போது வெளிவிடும் நீராவி வள்ளத்தின் ஓட்டின் மேல் வியர்வையாகப் படியும்.

ஈரந்தான் அடுத்த எதிரி. உடைந்த ஃபைபர் விளிம்பு திரி போலத் தண்ணீரை உறிஞ்சும். இரவில் அந்த இடத்தில் தெளிவான பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். காலையில் உட்புறம் நீர்த்துளி கண்டால் இன்னும் காயவில்லை. ஜெட் ஸ்கியின் உள்ளே மிதப்புக்கு அடைத்த நுரை தண்ணீர் குடித்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும், தானாகக் காயாது. ஒட்டுக்குப் போடும் கண்ணாடி இழை விரிப்பான மேட் சுருளையும் வீட்டுக்குள் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். ஈரமேறிய மேட் ரெசினில் நனைந்தாலும் வெண்மை மாறாது.

கிரைண்டரைத் தொடுமுன் பற்றரியைக் கழற்றி, பெற்றோலை வடித்துவிடுங்கள். ஓட்டையின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும், தடிப்பைப் போல் 12 மடங்கு. 5 மில்லிமீற்றர் ஓடென்றால் சுற்றிலும் 6 சென்ரிமீற்றர். ஒட்டைப் பிடித்திருப்பது இந்தச் சரிவுதான், ஆனால் பலர் சோம்பல்படுவதும் இதற்குத்தான். பிறகு அசற்றோனால் துடைத்து ஆறவிடுங்கள். சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தடிப்புத் தரும். ஆகவே ஐந்து அடுக்கு. பெரிய துண்டு முதலில், சிறியது கடைசியில். மாற்றி வைத்தால், மேலே சமப்படுத்தும்போது ஓரத்தைப் பிடிக்கும் பெரிய துண்டையே தேய்த்து விடுவீர்கள். மேட்டைத் தராசில் நிறுத்து, அதன் எடையில் இரண்டரை மடங்கு ரெசின் கலவுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ரோலரால் காற்றை வெளியேற்றுங்கள். கலவையை ஆழமான கோப்பையில் விட்டுவைத்தால் சூடேறிப் புகையும்.

எல்லா ஓட்டுக்கும் இந்த முறை பொருந்தாது. அச்சில் அழுத்தி வார்த்த எஸ்.எம்.சி. ஓடுகளில் பொலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. எபொக்சி என்ற வேறு வகை ரெசினும் நெய்த கண்ணாடி இழைத் துணியும் தேவை. சாதாரண மேட்டின் பசை எபொக்சியில் கரையாது என்பதால் அங்கே அது உதவாது. சீ-டூ ஸ்பார்க் போன்ற ஜெட் ஸ்கிகளின் ஓடு பொலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் கலந்தது. ரெசின் அதில் ஒட்டவே ஒட்டாது.

தூசிக்குக் கட்டும் துணி முகக்கவசம் ரெசின் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ளதை வாங்குங்கள். கண் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஹார்ட்னரைத் தொடாதீர்கள். ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பட்டால் உடனே 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இறுதியாக, ரெசினைச் சில்லறையாக விற்போரிடம் ஒரு வேண்டுகோள். குளிர்பானப் போத்தலில் ஹார்ட்னரை ஊற்றிக் கொடுக்காதீர்கள்; பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது போகிறது. ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் அதில் முன்பே கலந்திருக்கிறதா என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். தெரியாமல் கோபால்ட்டைத் தனியே வாங்கி ஹார்ட்னரோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்.

இப்படிக்கு,
ஃபைபர் வேலை அறிந்த வாசகர்கள்,
நுவரெலியா